வருமான வரியில் 1.30 கோடி, ஜிஎஸ்டியில் 52 லட்சம்: கட்டட ஒப்பந்ததாரருக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, இப்போது சொந்தமாக காண்ட்ராக்ட் எடுக்கிறேன். 2024-25இல் ஊராட்சி ஒன்றியத்தில் பள்ளிக் கட்டடம் ஒன்று ஜிஎஸ்டி நீங்கலாக 52 லட்சத்துக்குச் செய்தேன். அதே ஆண்டில் ஒரு வீடு மெட்டீரியலோடு 48 லட்சம், இன்னொரு வீடு லேபர் காண்ட்ராக்ட் 18 லட்சம், ஒரு கடைக் கட்டடம் லேபர் மட்டும் 12 லட்சம். ஒன்றிய வேலைக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினேன். வீட்டுக்காரர்கள் ஜிஎஸ்டி தர மாட்டோம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். வருமான வரியில் மொத்தம் 1 கோடியே 30 லட்சம் காட்டி, 8 சதவீதம் லாபம் என்று 10.40 லட்சத்துக்குக் கணக்கு தாக்கல் ஆனது. இப்போது ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து 78 லட்சம் வித்தியாசம், 14 லட்சத்து 4 ஆயிரம் வரி என்று, விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்திருக்கிறது. என் ஜிஎஸ்டி கணக்கில், பொருள் வாங்கும்போது கட்டிய வரிக்கான கிரெடிட் 5.60 லட்சம் நிற்கிறது. ஒன்றியத்தில் ஜிஎஸ்டிக்காக 2 சதவீதம் பிடித்தார்கள். அது எங்கே போனது என்று தெரியவில்லை. 5 சதவீதம் டெபாசிட்டாகப் பிடித்த 2.60 லட்சமும் இன்னும் வரவில்லை; அதற்கும் நான் வரி கட்ட வேண்டுமா? 8 சதவீதக் கணக்கு போட்டால் கணக்குப் புத்தகமே வேண்டாம் என்று சொன்னார்கள். ஆனால் கையில் பணம் நிற்பதே இல்லை. 10 லட்சம் லாபம் வந்ததாகவும் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 14 லட்சம் என்பது அதிகாரி இரண்டு கணினித் திரைகளைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்ததில் வந்த எண். 78 லட்சத்தை 18 சதவீதத்தால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வேலைகள் ஒவ்வொன்றும் என்ன தன்மையுடையவை என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஏஎஸ்எம்டி-10க்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள்தான் இருக்கும். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். போர்ட்டலில் ஏஎஸ்எம்டி-11 படிவத்தில் பதில் போட வேண்டும். அலுவலகத்துக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது பதிலாகாது.

இனி ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

லேபர் காண்ட்ராக்டில் கட்டிய 18 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. தனி ஒரு குடும்பம் வாழும் ஒற்றை வீட்டைப் புதிதாகக் கட்டும் சுத்தமான கூலி ஒப்பந்தத்துக்கு வரிவிலக்கு இருக்கிறது. 2017 ஜூன் மாதம் வெளியான 12ஆம் எண் அறிவிப்பிலேயே அது உண்டு. ஆனால் இதில் மூன்று முட்கள் இருக்கின்றன. ஒன்று, பொருள் முழுவதும் வீட்டுக்காரர் வாங்கியதாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு லோடு கம்பியோ பத்து மூட்டை சிமெண்டோ உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் வாங்கி அந்த வீட்டுக்கு இறக்கியிருந்தால், சுத்தமான கூலி ஒப்பந்தம் என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடும். இரண்டு, அது ஒரே வீடாக இருக்க வேண்டும். கீழே சொந்தக் குடியிருப்பு, மேலே வாடகைக்கு விட தனி சமையலறையோடு இரண்டு போர்ஷன் என்றால், அதிகாரி இதை ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடம் என்று சொல்ல இடமிருக்கிறது. மூன்று, புதிதாகக் கட்டும் வேலைக்கு மட்டும்தான் விலக்கு. பழைய வீட்டுக்குப் பூச்சு, பெயிண்ட், டைல்ஸ் மாற்றும் வேலைக்கு இது பொருந்தாது. உங்கள் வீடு இந்த மூன்றிலும் தேறும் என்றால் பிளான் அனுமதி நகல், வீட்டுக்காரர் பெயரில் உள்ள சிமெண்ட், கம்பி பில்கள், நீங்கள் கூலி மட்டுமே வாங்கினீர்கள் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அந்தக் கடிதத்தை இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் குடியேறிய பிறகு நாள் ஆக ஆக இதெல்லாம் கிடைப்பது கஷ்டம்.

கடைக் கட்டடத்தை நீங்களும் கூலி ஒப்பந்தம் என்பதால் விலக்கு என்று நினைத்திருப்பீர்கள். அது தவறு. விலக்கு குடியிருப்பு வீட்டுக்கு மட்டும்தான். கடை, குடோன், மண்டபம் எல்லாவற்றுக்கும் கூலிக்கே 18 சதவீதம் உண்டு. மெட்டீரியலோடு கட்டிய 48 லட்சம் ரூபாய் வீட்டுக்கும் வரி உண்டு. தனி நபர் தான் குடியிருக்கக் கட்டுகிற வீடு என்பதால் வரி இல்லை என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பொருளும் வேலையும் சேர்ந்து போனால் அது ஒர்க்ஸ் காண்ட்ராக்ட்; ஜிஎஸ்டி சட்டத்தில் அது சேவை; வரி 18 சதவீதம்.

ஆக வரிக்கு உட்பட்டது 60 லட்சம். அதற்கு 18 சதவீதம் என்று 10.80 லட்சம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் வாங்கிய 60 லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்று கணக்கிட ஜிஎஸ்டி விதி 35 வழி கொடுக்கிறது. வரி சேர்ந்த தொகையை 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். 48 லட்சத்துக்கு 7.32 லட்சம், 12 லட்சத்துக்கு 1.83 லட்சம், மொத்தம் 9 லட்சத்து 15 ஆயிரம். ஒப்பந்தத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியிருந்தால் தயங்காமல் இதையே போடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட 2 சதவீதம். அரசுத் துறைகள், ஊராட்சி ஒன்றியங்கள் போன்றவை ஜிஎஸ்டி நீங்கலாக 2.50 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பணம் தரும்போது 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பணம் தரும்போதே செய்யும் வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும். 2018 அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வேலையில் 1 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். அது தானாக உங்கள் கணக்கில் வந்து விழாது. ஒன்றியம் பிடித்த வரியைத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-7 படிவத்தைத் தாக்கல் செய்ததும், உங்கள் போர்ட்டலில் டிடிஎஸ் கிரெடிட் என்ற பகுதியில் அது காத்திருக்கும். நீங்கள் அங்கே போய் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தி, தாக்கல் செய்தால்தான் உங்கள் ரொக்க லெட்ஜரில் சேரும். இதைச் செய்யாமல் தன் சொந்தப் பணத்தையே தூங்க விட்டிருக்கும் ஒப்பந்ததாரர்கள் ஏராளம். அங்கே காணவில்லை என்றால் ஒன்றிய அலுவலகக் கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டிஆர்-7 தாக்கல் ஆனதா, உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

9.15 லட்சத்தில் உங்கள் கிரெடிட் லெட்ஜரில் நிற்கும் 5.60 லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கிரெடிட் பெரும்பாலும் 48 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வாங்கிய சிமெண்ட், கம்பிக்கானதாகத்தான் இருக்கும். அப்போது சிமெண்டுக்கு 28 சதவீதம் வரி இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். ஹார்டுவேர் கடைக்கும் சிமெண்ட் டீலருக்கும் பாக்கி வைத்திருக்கிறீர்களா? பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பில்லின் கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டில் எடுக்காமல் விட்ட பில் ஏதாவது இருந்தால் அது போனதுதான், 2024-25க்கான கெடு 2025 நவம்பர் 30இல் முடிந்துவிட்டது. கிரெடிட்டும் டிடிஎஸ்ஸும் போக, வரியாகக் கையிலிருந்து கட்ட வேண்டியது ஏறக்குறைய 2 லட்சத்து 51 ஆயிரம்.

அதோடு வட்டி உண்டு. ஆண்டுக்கு 18 சதவீதம். நீங்கள் இந்த வேலைகளை ரிட்டர்னில் காட்டவே இல்லை என்பதால் வட்டி முழு 9.15 லட்சத்துக்கும் ஓடும். ஓர் ஆண்டுத் தாமதம் என்றால் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். கிரெடிட் லெட்ஜரிலிருந்து வட்டியைக் கட்ட முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். வரி, வட்டி இரண்டையும், தானாக முன்வந்து கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவம் மூலம் கட்டி, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஏஎஸ்எம்டி-11இல் பதில் போடுங்கள். பதிலோடு நான்கு வேலைகளையும் வரிசையாகப் போட்டு, எதற்கு எவ்வளவு பணம் வந்தது, எது விலக்கு, எதற்கு வரி கட்டியாயிற்று என்று ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை வையுங்கள். கூட்டினால் சரியாக 1 கோடியே 30 லட்சம் வர வேண்டும். பத்துப் பக்கத்துக்குச் சட்டம் எழுதுவதைவிட இந்த ஒரு பக்கம்தான் அதிகாரிக்கு உதவும்.

ஏன் இப்போதே கட்டச் சொல்கிறேன் என்றால், 2024-25 முதல் உள்ள ஆண்டுகளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் 74ஏ பிரிவு பொருந்துகிறது. மோசடி நோக்கம் இல்லாத வழக்கில் ஷோகாஸ் நோட்டீஸ் வருவதற்கு முன்போ, வந்து 60 நாளுக்குள்ளோ வரியும் வட்டியும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. மறைத்தீர்கள் என்று அவர்கள் வாதிட்டால்கூட, நோட்டீஸுக்கு முன்பு கட்டியவருக்கு 15 சதவீதத்தோடு முடியும். பதிலே போடாமல் விட்டால் அது நூறு சதவீதம் வரை போகும். உங்களிடம் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது: நான்கு வேலையின் பணத்தையும் வருமான வரியில் ஒளிக்காமல் காட்டியிருக்கிறீர்கள். மறைக்க நினைத்தவர் அப்படிச் செய்ய மாட்டார். இதைப் பதிலில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்து டெபாசிட்டாகப் பிடித்த 2.60 லட்சம். நியாயமான கேள்வி. கைக்கு வராத, குறைபாட்டுக் காலம் (கட்டடத்தில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும்வரை கேட்கக்கூட உரிமை இல்லாத பணத்துக்கு எதற்கு வரி என்று ஒப்பந்ததாரர்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் உட்பட சில நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. பிறகு 2018 நிதிச் சட்டத்தில் 43சிபி என்ற பிரிவைக் கொண்டுவந்து, பிடித்து வைத்த தொகையும் ஒப்பந்த வருமானத்தில் சேரும் என்று எழுதிவிட்டார்கள். பெரிய ஒப்பந்த நிறுவனங்களுக்கு இதில் வாதிட இன்னும் விஷயம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை. உங்கள் பெயரில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில், ஒன்றியம் 52 லட்சத்துக்கும் 1 சதவீதம் வருமான வரி பிடித்ததாகத்தான் இருக்கும். அதில் 2.60 லட்சத்தைக் குறைத்துக் காட்டினால், வங்கி வழி வரவுக்கான 6 சதவீத லாபக் கணக்கில் உங்களுக்கு மிச்சமாவது 15,600 ரூபாய் வருமானத்தின் மீதான வரி. அதற்காக ஒரு வித்தியாசத்தை உண்டாக்கி இன்னொரு நோட்டீஸை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். முழுதும் காட்டிவிடுங்கள். ஒன்றியம் முழு வேலை மதிப்புக்கும் ஜிஎஸ்டி சேர்த்து பில் போட்டிருந்தால் ஜிஎஸ்டியும் முழுமைக்கும்தான்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. குறைபாட்டுக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வைக்காததால் டெபாசிட்டைக் கேட்டு விண்ணப்பிக்கவே மறந்துபோகிறவர்கள் உண்டு. ஒன்றியப் பொறியாளர் மாறுகிறார், வேலையை அளந்து எழுதிய எம்-புக் பழைய அலமாரிக்குப் போகிறது, பிறகு அந்த ஃபைலைத் தேடியெடுப்பதே தனி வேலை. ஒப்பந்த உத்தரவை எடுத்து, டெபாசிட் திரும்பக் கிடைக்கும் தேதிகளை இன்றே நாள்காட்டியில் குறியுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசி வரிதான். 10.40 லட்சம் லாபம் காட்டினார்கள், ஆனால் வந்ததாகத் தெரியவில்லை என்கிறீர்கள். உங்களுடைய மற்ற எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது.

வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்ட விடும் வருமான வரிப் பிரிவு 44ஏடி நல்ல ஏற்பாடு. மொத்த வரவு 2 கோடிக்குள், ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் 3 கோடிக்குள், இருக்கும் சிறு ஒப்பந்ததாரருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் உங்களுக்குப் போட்ட கணக்கே முழுதாகச் சரியில்லை. 8 சதவீதம் ரொக்கமாக வந்த தொகைக்கு. வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் போதும். உதாரணத்துக்கு உங்கள் வரவில் 22 லட்சம் ரொக்கம், 108 லட்சம் வங்கி என்று வைத்துக்கொண்டால், குறைந்தபட்ச லாபம் 1.76 லட்சமும் 6.48 லட்சமும் சேர்ந்து 8.24 லட்சம்தான். 10.40 லட்சம் காட்ட வேண்டியதில்லை. 2025-26இல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், இந்த அளவு வருமானத்துக்கு வரியே வராது. அந்த ஆண்டில் யாராவது பிடித்த 1 சதவீத டிடிஎஸ் இருந்தால் முழுதும் ரீஃபண்டாகத் திரும்பும். 2024-25க்கு இது பொருந்தாது. அதே சமயம், 6 சதவீதம் என்பது தரைமட்டம். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். உண்மை லாபம் அதைவிடக் குறைவு என்றால், கணக்குப் புத்தகம் வைத்து, ஆடிட் செய்து குறைவாகக் காட்டலாம். ஆனால் அப்படி வெளியே வந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 44ஏடி பக்கம் திரும்ப முடியாது. (2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. இந்த ஏற்பாடு அதில் 58ஆம் பிரிவில் இருக்கிறது. எல்லோர் வாயிலும் பழைய எண்ணே இருப்பதால் நானும் அதையே சொல்கிறேன்.)

உண்மை லாபம் இந்தக் குறைந்தபட்ச அளவா, அதிகமா, குறைவா: இந்த மூன்றில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? உங்களுக்கே தெரியவில்லை. காரணம், கணக்கு வேண்டாம் என்று யாரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். 44ஏடி விலக்கு கொடுப்பது வருமான வரிச் சட்டத்தின் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும். ஜிஎஸ்டியில் அந்த விலக்கு இல்லை. ஜிஎஸ்டி விதி 56இன் 14ஆம் உட்பிரிவு ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் செய்பவர் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்றே சொல்கிறது. யாருக்காகச் செய்கிறீர்கள், அந்த வேலைக்கு என்ன பொருள் எவ்வளவு வந்தது, எவ்வளவு பயன்பட்டது, யாரிடம் வாங்கியது, அந்த வேலைக்கு எவ்வளவு பணம் வந்தது என்று சைட் வாரியாக. உங்கள் நோட்டீஸுக்குப் பதில் எழுத இப்போது தேவைப்படுவதும் அதே விவரம்தான்.

ஒரு சைட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள், அல்லது டேலியில் ஒவ்வொரு சைட்டையும் ஒரு காஸ்ட் சென்டராக (தனிச் செலவுக் கணக்காக) வையுங்கள். எது உங்களுக்குப் பழகுமோ அது. முதல் பக்கத்தில் பேசிய தொகையும் கட்டம் கட்டமாக வர வேண்டிய பணமும்: அட்வான்ஸ், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு, முடிவு. அடுத்து வந்த பணம், தேதியோடு, ரொக்கமா வங்கியா என்று. பிறகு செலவு: சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் தனித்தனியாக, சனிக்கிழமை கூலி, சென்டரிங் காண்ட்ராக்ட், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ் ஆட்கள், மிக்ஸர், வைப்ரேட்டர் வாடகை. ஒரு சைட்டில் மீந்த கம்பியோ சிமெண்டோ இன்னொரு சைட்டுக்குப் போனால், அங்கே செலவு, இங்கே கழிவு. எக்ஸ்ட்ரா வேலைக்குத் தனிப் பக்கம் வேண்டும். சம்ப் தொட்டியைப் பெரிதாக்கியது, காம்பவுண்டை ஓர் அடி உயர்த்தியது, லாஃப்ட் கூடுதலாகப் போட்டது எல்லாம் கடைசியில் வாய்ப்பேச்சாக நின்று, வீட்டுக்காரர் தர மறுக்கும்போது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். அந்தப் பக்கத்தில் அன்றன்றைக்கு அவர் கையெழுத்து இருக்கட்டும்.

இதை எழுதத் தொடங்கிய சில மாதங்களிலேயே கையில் பணம் ஏன் நிற்பதில்லை என்பது உங்களுக்கே புலப்படும். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாவது வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸ், முதல் வீட்டின் கம்பிக் கடன் அடைக்கப் போகிறது. இரண்டாவது வீட்டின் ரூஃப் காசு, ஒன்றிய வேலை பில் வரும் வரை அங்கே கூலி கொடுக்கப் போகிறது. புது வேலை வந்துகொண்டே இருக்கும் வரை இது தெரியாது. ஆறு மாதம் வேலை வரவில்லை என்றால் அத்தனை ஓட்டையும் ஒரே நாளில் வெளியே தெரியும். வேலை செய்து முடிக்காத அட்வான்ஸ் உங்கள் பணமல்ல, வீட்டுக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய வேலை. மார்ச் 31 அன்று எந்தெந்த சைட்டில் எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஜிஎஸ்டியில் சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வாங்கிய மாதமே வரி வரும். வருமான வரியில் அது இன்னும் வருமானமாகாமல் இருக்கலாம். அப்படி வரும் வித்தியாசம் தப்பில்லை. அதை விளக்கும் தாள் கையில் இருக்க வேண்டும்.

ரொக்கம் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. ரூஃப் கான்கிரீட் அன்று காலை வீட்டுக்காரர் 3 லட்சத்தைப் பையில் கொண்டுவந்து தருவார், நீங்களும் அவசரத்தில் வாங்கிக்கொள்வீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் 269எஸ்டி பிரிவின்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும், ஒரே பரிவர்த்தனை தொடர்பானது என்றால் அது மாட்டும். ஒரு வீட்டு ஒப்பந்தம் முழுதையும் ஒரே பரிவர்த்தனையாக அதிகாரி பார்க்க வாய்ப்பு உண்டு. இதில் மாட்டுவது கொடுத்த வீட்டுக்காரர் அல்ல, வாங்கிய நீங்கள். வங்கி வழியாக வந்தால் 8க்குப் பதில் 6 சதவீதம் என்ற லாபமும் இருக்கிறது.

இனி வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது? நீங்கள் அவரிடம் "18 சதவீதம் கூட ஆகும்" என்று சொன்னால் எவரும் எழுந்து போய்விடுவார். ஏனென்றால் உங்கள் சதுர அடி விலைக்குள் சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய ஜிஎஸ்டி ஏற்கனவே ஒளிந்திருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு 18ஐ ஏற்றுகிறீர்கள். பில் போட்டு வேலை செய்யும்போது பொருளுக்குக் கட்டிய வரி உங்களுக்குக் கிரெடிட்டாகத் திரும்புகிறது, ஆகவே உங்கள் அடக்கத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். ஒரு 48 லட்சம் ரூபாய் வேலையில் வரி நீங்கலாக 20 லட்சத்துக்கு 18 சதவீதப் பொருள் வாங்கினால் 3.60 லட்சம் கிரெடிட். வேலைக்கு வரி 8.64 லட்சம். நிகரமாகக் கட்ட வேண்டியது 5.04 லட்சம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி விலை பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டும் 28இலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியிருப்பதால் பழைய எஸ்டிமேட்டை அப்படியே நகல் எடுக்காமல் புதிதாகப் போடுங்கள். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, வரவில் 6 சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் வழி உண்டு. உங்கள் வரவு அதைத் தாண்டிவிட்டதால் அது உங்களுக்கு உதவாது.

அவர் ஒப்பவில்லை, தானே பொருள் வாங்கித் தருகிறேன் என்றால், ஒற்றை வீட்டுக்கு லேபர் காண்ட்ராக்ட் நேர்மையான, சட்டப்படியான வழி. ஆனால் காகிதத்தில் லேபர் என்று எழுதிவிட்டு, பொருளை நீங்கள் வாங்கி, பில்லை மட்டும் அவர் பெயருக்கு மாற்றும் வேலைக்குப் போகாதீர்கள். சிமெண்ட் டீலருக்கு யார் வங்கியிலிருந்து பணம் போனது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வங்கிக் கடனுக்காக வருமான வரியில் வரவைக் கூட்டிக் காட்டச் சொல்லும் ஆலோசனையும் இதே ரகம்தான். அந்தக் கூட்டல் ஜிஎஸ்டியில் வித்தியாசமாக வந்து நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024-25இல் உங்கள் வரவு 1 கோடியைத் தாண்டிவிட்டது. அதனால் 2025-26 முதல், உங்களிடம் சப்-காண்ட்ராக்ட் எடுக்கும் சென்டரிங், பிளம்பிங், எலக்ட்ரிக்கல், டைல்ஸ் மேஸ்திரிகளுக்குப் பணம் கொடுக்கும்போது நீங்களே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 44ஏடியில் இருந்தாலும் இது பொருந்தும். ஒரே தடவையில் 30 ஆயிரத்துக்கு மேல், அல்லது ஆண்டு மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் போனால், தனி நபருக்கு 1 சதவீதம். பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். தினக்கூலிக்கு வரும் கொத்தனார், சித்தாளுக்கு இது கிடையாது. மொத்தமாக வேலை பேசி எடுப்பவருக்குத்தான். இதற்கு, வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். ஏஎஸ்எம்டி-11 பதில் போட்ட கையோடு டான் எண்ணுக்கு விண்ணப்பித்து, உங்கள் மேஸ்திரிகளிடம் பான் நகல் வாங்கத் தொடங்குங்கள். கடந்த ஆண்டு பிடிக்காமல் விட்டதற்கு எவ்வளவு வட்டி வரும் என்பதை, சைட் நோட்டில் அவர்களுக்குக் கொடுத்த தொகைகளை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.